அறிவுரை சொல்லாத அரைமணி

பள்ளி ஆலோசகருக்கான மேற்படிப்பில் அது கடைசித் தேர்வு. தேர்வு எழுதுபவரே ஒரு பள்ளிப் பிள்ளையை அழைத்துவந்து, பேசவைத்துக் கேட்க வேண்டும். அறிவுரை சொன்னால் மதிப்பெண் போய்விடும். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப்பக்கம் பேராசிரியர் கவனித்துக்கொண்டிருந்தார்.

"கணக்குல ஃபெயிலாயிட்டேன். வீட்ல சொல்லல," என்றாள் சிறுமி.

தேர்வுக்கு வந்தவர் தொண்டை வரை வந்த புத்திமதியை விழுங்கிக்கொண்டார். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுற?"

"எங்கம்மா ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாங்க. அழக்கூட விடமாட்டாங்க."

அவர் வாய் திறக்கவில்லை. சிறுமி ஆசைதீர அழுதாள்.

பேராசிரியர் துள்ளிக்கொண்டு வந்தார். "பிரமாதம்மா! எங்கே பிடிச்சீங்க இந்தப் பொண்ணை?"

"என் மகதான் சார்."

"அடடா, சொந்தப் பிள்ளைன்னா தேர்வு செல்லாதே! அடுத்த வருஷம்தான் மறுபடி வரணும்."

"வர்றேன் சார். இவ என்கிட்ட முகங்கொடுத்துப் பேசி ஆறு மாசமாச்சு."