நாலு ஒயர்

“கேமை வேகமா ஓட்டும்னு நீ சொன்ன கிராபிக்ஸ் கார்டு இதுக்குள்ள இல்லவே இல்லைம்மா. இருந்தா என் பேரை மாத்தி வெச்சுக்கறேன்.”

கேமிங் கம்ப்யூட்டர் பெட்டியைக் கடை மேசையில் தொப்பென்று வைத்தார் விலை மாமா.

சொந்தத்தில் யார் எதை வாங்கினாலும், குக்கரோ குடியிருக்க வீடோ, அவர் தலையாட்டினால்தான் பணம் கைமாறும். அதனால் ஒட்டிக்கொண்ட பேர் அது.

கடையை நடத்தும் பெண் எழுந்து வந்தாள். “என்ன சார் ஆச்சு?”

“கேம் நத்தை மாதிரி நகருது. என் தங்கச்சி ஆஸ்பத்திரியில ரெண்டு ஷிப்ட் பார்த்துச் சேர்த்த காசு. நாளைக்கு இந்தப் பொண்ணுக்குக் கேம் போட்டி, டீமுக்கு ஆள் எடுக்கறாங்க. இன்னைக்குச் சரியாகலைன்னா திருப்பிக் கொடுத்துட்டு வந்துடுன்னுட்டா அவ.”

பக்கத்தில் நின்ற தங்கை மகள், “மாமாவுக்கு இதெல்லாம் அத்துப்படி அக்கா. பார்ட்ஸ் எல்லாம் மாமா பார்த்துப் பார்த்துச் சொன்னதுதான்” என்றாள் பெருமையாக.

அது பொய்யில்லை. போன வாரம் வாங்க வந்தபோது, பளபளவென்று விளக்கு எரிந்த பெட்டியில் அவள் சொக்கி நிற்க, “வெளியே எரியுற லைட்டைப் பார்த்து மயங்காதே, உள்ளே இருக்கிற பவர் சப்ளையைப் பாரு” என்று இழுத்து வந்தவர் மாமாதான். பிறகு ஒவ்வொரு பார்ட்டும் வெளியே என்ன விலை என்று போனில் பார்த்துக் கூட்டி, கடை பில்லோடு ஒப்பிட்டார். “அப்ப மேல போட்டிருக்கறது எதுக்கும்மா?”

“ஃபிட்டிங் கூலி சார். நாங்களே வீட்டுக்கு வந்து மாட்டி, ஓட்டிக் காட்டிட்டுத்தான் போவோம்.”

“நாலு ஒயரைச் சொருகுறதுக்கு ஒரு கூலியா? அதை நானே பார்த்துக்கறேன். கழிச்சிடும்மா.”

அவளும் கழித்துவிட்டாள்.

இப்போது அதே பெண் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். “வீட்ல யாரு சார் மாட்டினது?”

“நான்தான். ஏன், பழியை என் மேல போடலாம்னு பாக்கறியா?”

குரல் கடை முழுக்கக் கேட்டது. அங்கே விலை விசாரித்துக்கொண்டிருந்த ஒரு தம்பதி, “அப்புறமா வர்றோம்” என்று மெதுவாக நழுவினார்கள்.

போகிறவர்களை அவள் பார்த்தாள். அப்புறம், மாமாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்ற தங்கை மகளைப் பார்த்தாள்.

“எங்க தப்புதான் சார். ஒரு பத்து நிமிஷம் கொடுங்க.”

“அப்படி வா வழிக்கு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் மாமா.

உள்ளே கொண்டுபோன பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்து, கடையிலிருந்த திரையில் மாட்டிக் காட்டினாள். கேம் வழுக்கிக்கொண்டு ஓடியது.

“கார்டை மாத்திட்டியா?”

“அதே கார்டுதான் சார். சின்னக் கோளாறு, சரி பண்ணிட்டேன்.”

“பார்த்தியா, கேட்டாத்தான் எதுவும் நடக்கும்” என்று வழியெல்லாம் தங்கை மகளுக்குப் பாடம் எடுத்துக்கொண்டு வந்தார்.

தங்கை வீட்டில் பெட்டியை மேசையில் ஏற்றி, போன தடவை மாதிரியே ஒவ்வொரு ஒயராகச் சொருகினார். திரையின் ஒயர் மட்டும் உள்ளே போக மறுத்தது. குனிந்து பார்த்தார்.

அவர் முன்பு சொருகியிருந்த துளையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. ஒரு ஜாண் கீழே, கிராபிக்ஸ் கார்டிலேயே, அதே மாதிரி இன்னொரு துளை இருந்தது; போன தடவை அதன் மேல் பிளாஸ்டிக் மூடி கழற்றாமலே இருந்தது. அதில் சொருகினார். கச்சிதமாக உட்கார்ந்தது.

மாமாவின் முகம் தொங்கிப்போயிற்று. கார்டு முதல் நாளிலிருந்தே உள்ளேதான் இருந்திருக்கிறது. இவர் ஒயரை அதற்குக் கொடுக்காததால் சும்மா கிடந்திருக்கிறது. கடைக்காரப் பெண் பெட்டியைத் திருப்பி அந்த மூடியைப் பார்த்தவுடனேயே கண்டுபிடித்திருப்பாள். “மாத்திச் சொருகிட்டீங்க சார்” என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நழுவிக்கொண்டிருந்த அந்தத் தம்பதி திரும்பி வந்திருப்பார்கள். ஆனால் இந்தக் குழந்தை முன்னால் இவர் மானம் போயிருக்கும்.

“மாமா, சூப்பரா ஓடுது. நாளைக்கு ஒரு கை பார்த்துடறேன்.”

தங்கை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நீ போய்ச் சத்தம் போடலைன்னா அந்தக் கடைக்காரி நம்ம தலையில நல்லா மிளகாய் அரைச்சிருப்பா. இல்லேண்ணா?”

மாமா அதற்குள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“மறுபடியும் கடைக்கா? இன்னும் என்ன கோளாறு பண்ணி வெச்சிருக்கா?”

“அவ பண்ணலைம்மா, நான் பண்ணினது” என்றார், உள்ளே விளையாடுகிறவளுக்கும் கேட்கும்படி. “ஃபிட்டிங் கூலியைக் கொடுத்துட்டு வந்துடறேன்.”