ஊசி தாண்டாத இடம்

ரேடியோவின் முதுகைத் திறந்ததும் செல்லத்தாய்க்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

கரப்பான் புழுக்கை, பல்லி முட்டை ஓடு, எல்லாவற்றின் மேலும் வெற்றிலை எச்சில் தெறித்துக் காய்ந்த கறை. புருஷன் சொரிமுத்து கல்யாணமான நாளிலிருந்து இதன்மேல் வாயை வைத்துக்கொண்டுதான் பாட்டுக் கேட்டிருக்கிறார்.

இப்போது பக்கவாதம் வந்து கட்டிலோடு கிடக்கிறார். ரேடியோ பாடினால் வாயை மூடுவார், நின்றால் ஊளைதான்.

நிலையம் காட்டும் ஊசியை நகர்த்தும் கயிறு நேற்று அறுந்ததிலிருந்து ஊளை ஓயவில்லை. வாசல்பக்கம் அவள் நடத்தும் பலசரக்குக் கடைக்கு வந்த பெண்கள் பாதி சாமானோடு திரும்பிப் போனார்கள். இன்று எப்படியாவது பாட வைத்தாக வேண்டும்.

செல்போனில் வீடியோ பார்த்துச் சக்கரங்களைக் கழற்றித் துடைத்து, ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டினாள். ஸ்பிரிங் தெறித்து அவருடைய கோழைப் படிக்கத்துக்குள் விழுந்தது. விரலை விட்டுத்தான் எடுத்தாள். கருமம், கருமம்.

கயிற்றுக்குப் பதிலாகத் தூண்டில் நரம்பு வாங்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் ஊளை இன்னும் கூடியது.

"ஏன் இப்பிடிக் கத்துதிய? நரம்பு கட்டுனா ஊசி சொகமா ஓடும்லா!"

பழைய கயிற்றில் ஊசி சுகமாக ஓடியதே இல்லை. இலங்கை நிலையத்தைத் தாண்டினால் எதிலோ முட்டி நின்றுவிடும். கொழும்பு இன்னும் இவரை விடவில்லை என்று சொந்தக்காரர்கள் கேலி பேசுவார்கள்.

அங்கே கடை வைத்திருந்தவர். கலவரத்தில் எல்லாம் எரிந்தபோது இந்த ரேடியோவைத் தவிர வேறு எதையும் தூக்கி வர முடியவில்லை என்பார். அவளைப் பெண் பார்க்க வந்த அன்றும் அதைத்தான் சொன்னார். கேட்டு அவளுக்குக் கண் கலங்கியது.

நீளம் பார்க்க, அறுந்த கயிற்றை மண்ணெண்ணெயில் நனைத்துத் துணியால் உருவினாள். கறுப்பு அழுக்கு கழன்று வந்தது.

உள்ளே மஞ்சள்.

நடுவில் ஏதோ விரலில் நெருடியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று முடிச்சு. அதுதான் இத்தனை காலமும் சக்கரத்தில் முட்டியிருக்கிறது.

தாலிக்கயிறு. முடிச்சை யாரும் அவிழ்க்கவில்லை. வேறு இடத்தில் கத்தரித்து எடுத்திருந்தார்கள்.

அவளுடையது இல்லை. தாலி பிரித்துச் சங்கிலியில் கோத்த அன்று, தன் மஞ்சள் கயிற்றை ஸ்ரீவைகுண்டத்துக்குப் போய் ஆற்றில் விட்டது அவள் கைதான்.

படிக்கத்துக்குள் விட்ட விரல் அது. இப்போதுதான் அதில் அசிங்கம் ஒட்டியது போலிருந்தது.

நரம்பைச் சுற்றி ஸ்பிரிங்கில் மாட்டினாள். குமிழைத் திருப்பினாள். ஊசி அந்த இடத்தைத் தாண்டி மறுகோடிவரை வழுக்கிக்கொண்டு போனது.

ரேடியோவைப் போடவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனாள்.

அவர் கடைவாயில் எச்சில் வழிந்துகொண்டிருந்தது. இந்த வாய்க்கா இத்தனை நாள் சோறு ஊட்டினோம் என்று உடம்பெல்லாம் கூசியது. அவள் துடைக்கவில்லை.

கயிற்றை அவர் கண்ணெதிரே பிடித்தாள்.

"அவ பேரு என்ன?"

நேற்றிலிருந்து ஓயாத வாய் மூடிக்கொண்டது.