காசு கொடுத்து வந்த முதல் ஆள்

வெள்ளியங்கிரி நாற்காலியைத் தூக்கிக் கிழக்கே பார்த்துப் போட்டுக்கொண்டார்.

“இப்பிடி உக்காந்தாத்தானுங்க எனக்குச் சரிப்படும்” என்றார்.

ஜெயபாரதி மறுக்கவில்லை. வருகிறவர் தன் இஷ்டப்படி உட்கார்ந்தால்தான் மனம் திறப்பார் என்று ஆன்லைன் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதுவும் இவர் காசு கொடுத்து வந்த முதல் ஆள். தரையில் படுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தாலும் பாய் விரித்திருப்பாள்.

நல்லூரில் வீட்டு முன்னறையை லைஃப் கோச்சிங் சென்டர் ஆக்கியதிலிருந்து அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். திருப்பூர் வழக்கப்படி முதல் சந்திப்பை சாம்பிள் என்று இலவசமாகக் கொடுத்துப் பார்த்தாள். சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் தோழிகள், எதிர்வீட்டு டெய்லர் அக்கா என்று எல்லாரும் வந்தார்கள். காபி குடித்தார்கள். கஷ்டத்தைச் சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். சாம்பிள் பிரமாதம் என்றார்கள். ஆர்டர்தான் ஒருத்தரும் கொடுக்கவில்லை.

புருஷன் முருகேஷ் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. தினமும் சோற்றில் கை வைத்ததும் இன்றைக்கு யாராவது வந்தார்களா என்று மட்டும் கேட்பான். திட்டித் தொலைத்திருந்தால்கூடத் தேவலை.

இன்று சாயங்காலம் கெடு.

அவள் விட்டு வந்த எக்ஸ்போர்ட் கம்பெனி மறுபடி கூப்பிட்டிருந்தது. வருகிறாளா இல்லையா, இன்றைக்குள் சொல்ல வேண்டும். போனால் அதே மெர்ச்சண்டைசர் பிழைப்பு. வெளிநாட்டுக்காரனுக்கும் தையல் லைனுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் ஏச்சு வாங்க வேண்டும். ஒரே ஒரு ஆளுக்கு வழி காட்டிவிட்டால் போதும், அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டாள்.

வெள்ளியங்கிரி விஷயத்துக்கு வந்தார். அவரும் தம்பி செங்கோட்டையனும் சேர்ந்து தையல் யூனிட் நடத்துகிறார்கள். தம்பி பாகம் பிரித்துக் கொடு என்கிறான். பிரிப்பதா, பேசிச் சமாதானம் செய்து சேர்ந்தே ஓட்டுவதா? ராத்தூக்கம் போய் மாசக்கணக்காகிறது.

ஜெயபாரதிக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் கோச் பதில் சொல்லக் கூடாது. கேள்விதான் கேட்க வேண்டும்.

“தம்பி இல்லாத யூனிட்டுக்குள்ள நடந்து போறீங்கன்னு நெனச்சுக்கோங்க. மனசு என்னங்க சொல்லுது?”

கேட்டுவிட்டு வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு மௌனம்தான் வேலை செய்யும் என்பது பாடம்.

வெள்ளியங்கிரி அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே எங்கோ, கண் இமைக்காமல் பார்த்தார். எதிர்காலத்தைக் காட்சியாகப் பார்க்கிறார், நன்றாகப் பார்க்கட்டும் என்று ஜெயபாரதி மூச்சைக்கூட மெதுவாக விட்டாள். பக்கத்து நிட்டிங் யூனிட் இரைந்துகொண்டே இருந்தது.

சற்று நேரத்தில் அவர் முகம் தெளிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அப்படி ஒரு தெளிவு. மேஜையை விரல் நுனியால் டொக் டொக்கென்று தட்டினார். என்ன ஒரு உறுதி என்று நினைத்துக்கொண்டாள் ஜெயபாரதி.

“முடிவு கெடச்சிருச்சுங்க. பிரிக்கறதில்லீங்க.”

எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. நாலு பேருக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜெயபாரதிக்குக் கால் தரையில் பாவவில்லை. போனை எடுத்து, தனக்கென்று ஒரு தொழில் அமைந்துவிட்டது, வரவில்லை, மன்னிக்கவும் என்று கம்பெனிக்கு அனுப்பினாள். நல்லது, வேறு ஆள் போட்டுக்கொள்கிறோம் என்று உடனே பதில் வந்தது. அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சந்தோஷம்தான், வேறென்ன.

அந்தச் சமயம் பார்த்து போன் அடித்தது.

“அவிநாசியிலிருந்து அன்புசெல்வி பேசறனுங்க. வெள்ளியங்கிரி அண்ணன் இப்பத்தான் பேசுனாருங்க. எங்க பொண்ணுக்கு ஒரு வரன் வந்திருக்குது. நாளைக்கு வரட்டுங்களா?”

அடேயப்பா, அதற்குள்ளாகவா! ஜெயபாரதி கண்ணைத் துடைத்துக்கொண்டு கோச் குரலுக்கு மாறினாள். பதில் உங்களுக்குள்ளேயே இருக்கிறது, அதை வெளியே கொண்டுவருவதுதான் என் வேலை என்றாள்.

“அதெல்லாம் உங்களுக்கு எதுக்குங்க சிரமம்? ரூமைத் தொறந்து வெச்சாப் போதுமுங்க. உங்க ஊட்டுக் கெவுளி அத்தனை சுத்தமாச் சொல்லுதாமே! எங்கெங்கயோ போயி உக்காந்து பாத்தாராம் அண்ணன், ஒரு பல்லியும் வாயத் தொறக்கலியாம். உங்க ஊட்டுல உக்காந்ததுமே சொல்லிருச்சாமுங்க.”

ஜெயபாரதி போனைக் காதில் வைத்தபடியே திரும்பினாள். வெள்ளையடித்த சுவரில் பல்லி எதையும் காணோம்.

ஆத்திரமாக வந்தது. அவமானமாகவும் இருந்தது. அந்த வாயில்லாப் பூச்சியின் மேல் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. கம்பெனியில் இந்நேரம் வேறு ஆள் போட்டிருப்பார்கள்.

“ஏனுங்க, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கறனுங்க.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அது எங்கிருந்து சொல்லுச்சுன்னாருங்க அண்ணன்?”

“சுவத்துல கண்ணாடி போட்டு ஒண்ணு மாட்டியிருக்கறீங்களாமே, அதுக்குப் பின்னால இருந்துதானுங்க. தூசி தட்டறேன்னு கழட்டிக் கிழட்டிப் போடாதீங்க.”

அந்தச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது அவளுடைய கோச்சிங் சர்டிபிகேட் ஒன்றுதான்.

“கழட்ட மாட்டனுங்க” என்றாள் ஜெயபாரதி. “காலையில வாங்க.”