நாலு பக்கமும் ஒரே உயரம்

நாளைக்குக் கார் பந்தயம். ஜப்பானின் குன்மாவில் தன் வீட்டுக் கொட்டகையில் தாட்சுவோ காரின் உயரத்தைக் குறைத்துக்கொண்டிருந்தார். ஓட்டுபவரின் எடையோடுதான் நாலு பக்கமும் சமமாக நிற்க வேண்டும் என்பதால், இருக்கையில் அவரே உட்கார்ந்துகொண்டார். மனைவி மிசுவே டேப்பால் அளந்தாள்.

"வலப்பக்கம் இன்னும் ஆறு மில்லி கம்மிங்க."

"மறுபடியுமா? உனக்கு டேப் பிடிக்கவே தெரியல!"

இறங்கினார், ஸ்பிரிங்கைத் திருகினார், ஏறினார். இப்படிப் பதினோரு தடவை.

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டுமா?"

"அளவ மட்டும் சொல்லு!"

சாயங்காலம் ஒருவழியாக நாலும் சமமாயின. "எப்படி, பாத்தியா!" என்றார், முதுகைப் பிடித்தபடி.

"உங்க எண்பத்தெட்டுக் கிலோவுக்கு ரொம்பச் சரியா நிக்குது," என்ற மிசுவே, தன் ஹெல்மெட்டைத் துடைத்தாள். "ஆனா நாளைக்கு ஓட்டப்போற நான் நாப்பத்தாறு கிலோதாங்க."

தாட்சுவோ இறங்கி அவளுக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"உக்காரும்மா. டேப்ப இங்க குடு."