முதல் குழி

ஏர்பேட்டில் வரப்போகும் ஜப்பானியக் கூட்டுத் தொழிற்சாலைக்கு அன்று கடைக்கால் தோண்ட வேண்டும். பனிமூட்டத்தில் பொக்லைன் கனவில் வந்த யானைபோல் நின்றது.

"ஏழரையிலேர்ந்து ஒம்போது வரிக்கும் ராகுகாலம்மா. எவனும் மண்ணுல கை வெக்கமாட்டான்," என்றார் மேஸ்திரி சின்னப்பன்.

ஜப்பான் பொறியாளர் மோரியிடம் இதைச் சொன்னால் சிரிப்பார் என்று இந்தியத் தரப்புப் பொறியாளர் கல்பனா பயந்தாள். "அளவுல சந்தேகம் சார். இன்னொரு தடவை பார்த்துடலாமா?" என்று பொய் சொன்னாள். அவர் உடனே தலையசைத்தார்.

ஒன்பதானது. "ஆரம்பிக்கலாம் சார்."

"இன்னொரு முறை அளப்போம்," என்றார் மோரி. பத்து மணிக்கும் அதையே சொன்னார். பொய்யைக் கண்டுபிடித்துத் தண்டிக்கிறாரோ? பனி கரைந்து மலை மெல்ல மெல்ல வெளியே வந்தது. கல்பனாவுக்கு எதுவுமே நிஜமாகத் தோன்றவில்லை.

பதினொன்று ஆனதும் மோரி தாமே கையசைத்தார். பொக்லைன் மண்ணைத் தொட்டது.

கல்பனாவால் பொறுக்க முடியவில்லை. "மன்னிச்சிடுங்க சார். காலைல ராகுகாலம், கெட்ட நேரம். அதான் பொய் சொன்னேன்."

மோரியின் காதுகள் சிவந்தன. சட்டைப்பையிலிருந்து குட்டி நாள்காட்டியை எடுத்துக் காட்டினார்.

"எங்க கணக்குல இன்னிக்குப் பதினோரு மணிக்கு மேலதான் நல்ல நேரம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமதான் அளந்துகிட்டே இருந்தேன். டோக்கியோ ஆபீஸுக்கு மட்டும் சொல்லிடாதீங்க!"