பசுவும் கன்றும்

கமலநாதனுக்கு எரிச்சல் தாங்கவில்லை. பால் கேனை நங்கென்று வைத்துவிட்டு மனைவியிடம் பொரிந்து தள்ளினான்.

"அப்பா காலத்துலேருந்து கிள்ளான்ல மாடு வளர்க்கிறோம். பக்கத்துல நேத்து கட்டுன தாமான் வீடுங்களுக்கு வந்தவங்களுக்கு நாத்தம் அடிக்குதாம்! எவனோ கவுன்சில்ல கம்ப்ளெய்ன் பண்ணிட்டான். மாசக் கடைசிக்குள்ள கொட்டகையக் காலி பண்ணணுமாம். அந்த ஆள் மட்டும் என் கையில மாட்டட்டும்!"

"அப்புறம் திட்டுங்க. ஐயர் போன் பண்ணாரு," என்றாள் குமுதா. "நாளைக்கு ஒரு வீடு குடிபோறாங்களாம். பசுவும் கன்னும் வேணும், காய்ச்ச கறந்த பாலும் வேணுமாம்."

மறுநாள் காலை, குளிப்பாட்டி மஞ்சள் பூசிய பசுவோடும் கன்றோடும் கமலநாதன் அந்த வீட்டுக்குள் நுழைந்தான். பளபளக்கும் ஹாலுக்கு நடுவே பசு வாலைத் தூக்கியது. பதறிப்போய்க் கயிற்றை இழுத்தான்.

"விடுங்க தம்பி! மகாலட்சுமி!" என்று வீட்டுக்காரர் வெள்ளிச் செம்போடு ஓடி வந்தார். கோமியத்தைப் பிடித்துத் தம் தலையிலும் தெளித்துக்கொண்டார்.

கமலநாதனுக்கு மனசு குளிர்ந்துபோனது. "உங்கள மாதிரி ஆளுங்களும் இருக்காங்களே அங்கிள்! எவனோ நாத்தம்னு கம்ப்ளெய்ன் பண்ணி, எங்கள மாடுங்களோட வெரட்டுறான்."

அவர் நெளிந்தார். "அது நான்தான் லா. தப்பா நெனைக்காதீங்க. வீட்டு வேலை பார்க்க வந்தப்பவே ஜன்னலத் தொறக்க முடியல."



அவர் கைப்பேசியை எடுத்தார். "எங்க மாறிப் போனாலும் நம்பர் கொடுத்துட்டுப் போங்க தம்பி. தை பொறந்ததும் என் மகளும் புது வீடு போறா. அங்கேயும் உங்க பசுதான் மொதல்ல காலெடுத்து வைக்கணும்."