சிவப்பு இல்லாத புனாட்

“மாமா, கலர் எங்கே?”

டிவியையே முறைத்துக்கொண்டிருந்தாள் மாரென். போன ஞாயிறு தேவாலயத்தில் அவள் தன் விசுவாசத்தை உறுதிசெய்த திடப்படுத்தல் விழாவின் வீடியோ அது. தாய்மாமன் ஸ்டைனார் எடுத்தது. ஹார்டாங்கர் கரை முழுக்க ஆப்பிள் மரங்கள் பூத்துக் கிடந்த நாள். திரையிலோ எல்லாமே கருப்பு, வெள்ளை, சாம்பல்.

பூக்கள் பனி விழுந்த மாதிரி இருந்தன. பின்னால் கடல்நீர் அசையாமல் கிடந்தது. கனவில் நடப்பவளைப்போல மாரென் மெல்லப் படியிறங்கி வந்தாள். அழகுதான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் அவள் உடுத்தியிருந்த பாரம்பரிய உடையான புனாட்?

சிவப்பு மேல்சட்டை, மார்பில் பச்சையும் நீலமுமாக மணிவேலை. மகளின் இந்த ஒரு நாளுக்காக அம்மா இங்குன் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து கோத்தது. அதுவும் சாம்பலாகிவிட்டது.

“சிவப்புதானே வேணும்? அலமாரியைத் திற, அங்கதான் தொங்குது,” என்றார் ஸ்டைனார்.

வீடியோ பார்க்கக் கூடியிருந்த உறவினர்கள் யாரும் சிரிக்கவில்லை. அப்பாவின் தங்கை ஹெகே பொறுமை இழந்துவிட்டாள். கலரில் எடுத்துவிட்டு அப்புறம் கம்ப்யூட்டரில் நிறத்தை எடுத்தால் போதாதா, இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே என்று பிடித்துக்கொண்டாள்.

“கேமராவுலயே கருப்பு வெள்ளைன்னு வெச்சுட்டேன். கலர் பதிவே ஆகல. இல்லாததை எங்கேர்ந்து கொண்டு வர்றது?”

“பெரிய கலைஞர்னு நெனப்பு. உங்க வித்தையைக் காட்ட இந்தப் பொண்ணோட விசேஷம்தான் கெடச்சுதா?”

ஹெகேவுக்கு அவர்மேல் இன்னொரு கோபமும் இருந்தது. குளிர்காலத்திலிருந்தே இங்குனுக்குக் கல்லீரல் கெட்டுக்கொண்டு வந்தது. இனி தேறாது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தன்னை யாரும் படம் எடுக்கக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். விழாவிலும் கூட்டத்துக்குப் பின்னால்தான் ஒதுங்கி நின்றாள். ஸ்டைனார் விட்டால்தானே? தேவாலயத்தில், பூத்த மரத்தடியில், விருந்தில் எழுந்து மகளைப் பற்றி அவள் பேசியபோது என்று, முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டிக்கொண்டே இருந்தார். கூடப்பிறந்தவளின் உடம்பைக்கூடப் பார்க்காத ஆள் என்று அன்றைக்கே எல்லோரும் முணுமுணுத்தார்கள்.

கேக்கைத் தின்றுவிட்டு உறவினர்கள் கிளம்பிப் போனார்கள். மாரென் கோபத்தோடு மாடிக்குப் போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து இறங்கி வந்தபோது, இங்குன் தனியாக உட்கார்ந்து அதே வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் அவள் எழுந்து நின்று பேசினாள். பாதியில் சிரித்தாள்.

மாரென் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

பக்கத்திலிருந்த முகம் மஞ்சளாக இருந்தது. கழுத்தும் கைகளும்கூட. கண்ணின் வெள்ளை இருந்த இடமே தெரியவில்லை. திரையில் இருந்தவளுக்கு முகம் நிலா வெளிச்சத்தில் நனைந்திருந்தது. கண்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன.

“இதுல நான் நோயாளி மாதிரியே இல்லையேடி,” என்றாள் இங்குன், கண்ணை எடுக்காமல்.

 மாரென் எழுந்து சமையலறைக்குப் போனாள். ஸ்டைனார் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“வேணும்னேதான் செஞ்சீங்களா மாமா?”

அவர் திரும்பவில்லை. கருப்பு வெள்ளையில் மஞ்சளை வெளுப்பாகக் காட்டுகிற ஒரு வசதி கேமராவில் உண்டு, அதைத்தான் வைத்தேன் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“கலர்ல எடுத்துட்டு மாத்தியிருக்கலாம்தான். ஆனா அவ போனப்புறம், என்னிக்காவது ஒருநாள் நீ அந்தக் கலரைப் போட்டுப் பாத்துடுவே.”

கூடத்திலிருந்து இங்குன் கூப்பிட்டாள்.

“மாரென், ஹெகே சொன்ன மாதிரி கலர்ல எடுத்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்குமோ?”

கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள் மாரென்.

“இல்லம்மா. அன்னிக்கு நீ அப்படியேதான் இருந்தே.”